கால் மாறிய நடராஜரும் காணாமல் போன பதிப்பாசிரியரும்

போன மாதம் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்களை மட்டும் திட்டுவது போலாகிவிடும். இது ஓர் ஊரோடு முடிகிற விஷயமும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது விற்பனைப் பிரிவில் செப்புத் திருமேனிகள் பற்றி ஒரு சின்னக் கையேடு வாங்கினேன். வழவழ தாள், நல்ல வண்ண அச்சு. பேருந்தில் உட்கார்ந்து புரட்டினால் நடுப்பக்கத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்!

நடராஜர் தூக்குவது இடது கால். வலது கால் முயலகன் மேல் ஊன்றியிருக்கும். வலது காலைத் தூக்கி ஆடுவது மதுரை வெள்ளியம்பலத்தில். பாண்டியன் கேட்டுக்கொண்டதற்காகக் கால் மாறி ஆடினார் என்று கதை. ஒருவேளை அதுதானோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. வலக்கையில் இருக்கவேண்டிய உடுக்கை இடக்கையில் இருக்கிறது. நெருப்பு வலப்பக்கம் வந்துவிட்டது. வலது காதில் இருக்கவேண்டிய ஆண்களுக்குரிய குழையும் இடது காதில் இருக்கவேண்டிய பெண்களுக்குரிய தோடும் இடம் மாறிவிட்டன. ஆக, பாண்டியன் யாரும் கேட்கவில்லை. பக்கம் வடிவமைத்தவர் கேட்டிருக்கிறார். படத்திலுள்ள உருவம் பக்கத்தின் உள்பக்கம் பார்த்தால் அழகாக இருக்கும் என்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தைத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மறுபடியும் போய் அந்தப் பிரிவில் இருந்தவரிடம் காட்டினேன். நல்ல மனிதர். கையேட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அட ஆமாம் தம்பி" என்றார். பிறகு, "இதெல்லாம் யாரு தம்பி பாக்கப்போறா?" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வடிவமைத்தவர் மேலும் இல்லை. என் கோபமெல்லாம் அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்பதில்தான். யார் பார்க்கப்போகிறார்கள்? பார்ப்பதற்கென்றே ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவருக்குப் பெயர் பதிப்பாசிரியர். அந்த நாற்காலிதான் காலி. பல இடங்களில் அந்த நாற்காலியே கிடையாது.

என் கையேட்டின் உள்பக்கத்தில் "பதிப்பாசிரியர்" என்ற சொல் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அதற்கு நேரே இருப்பது உயரதிகாரி ஒருவரின் பெயர். அவர் பாவம், கோப்பு பார்ப்பாரா, கூட்டத்துக்குப் போவாரா, கூரை ஒழுகுவதற்கு ஒப்பந்தப்புள்ளி கோருவாரா, இல்லை நடராஜரின் காலைப் பார்ப்பாரா? நம் ஊரில் பதிப்பாசிரியர் என்பது ஒரு மரியாதை, பொன்னாடை மாதிரி. அது ஒரு வேலை என்று யாரும் நினைப்பதில்லை. நான் சொல்லவருவது இதுதான்: அது வேலைதான், அதுவும் முழுநேர வேலை. அதைச் செய்ய ஆளில்லாத அருங்காட்சியகம் தன் பொருள்களைப் பாதி காப்பாற்றிப் பாதி கைவிடுகிறது.

சரி, அப்படி என்னதான் வேலை?

எழுத்துப்பிழை திருத்துவது என்று நினைத்தால் அது பத்தில் ஒரு பங்கு. முதலில் பதிவு எண். ஒவ்வொரு பொருளுக்கும் அருங்காட்சியகப் பதிவேட்டில் ஓர் எண் இருக்கும். நூலில் இருக்கிற எண்ணும், பதிவேட்டில் இருக்கிற எண்ணும், பொருளின் அடியில் எழுதியிருக்கிற எண்ணும் ஒன்றுதானா? நேரில் போய்க் குனிந்து பார்க்கவேண்டும். அடுத்து அளவு. 62 செ.மீ. என்பது பீடத்தோடு சேர்த்தா, சேர்க்காமலா? அடுத்து ஊர்ப் பெயர். இங்கிலீஷ் பதிவேட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு அது எந்த வட்டத்தில் இருக்கும் எந்த ஊர் என்று தேடவேண்டும். ஒரே பெயரில் நான்கு ஊர்கள் உள்ள நாடு இது. அடுத்து காலம். என் கையேட்டில் ஒரே அம்மன் 14ஆம் பக்கத்தில் 10ஆம் நூற்றாண்டு, 31ஆம் பக்கத்தில் 11ஆம் நூற்றாண்டு. எழுதியவருக்குச் சந்தேகம் இருந்தால் அதைச் சொல்வதில் தப்பே இல்லை. சந்தேகம் வேறு, கவனக்குறைவு வேறு. வாசகனால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிரித்துக் காட்டுவது பதிப்பாசிரியரின் கடமை.

இதற்கெல்லாம் மேலே, அவர் அசட்டுக் கேள்வி கேட்கவேண்டும். "ஐயா, இந்த வாக்கியம் எனக்குப் புரியலையே?" என்று காப்பாட்சியரிடம் கேட்கிற துணிச்சல் வேண்டும். காப்பாட்சியர் இன்னொரு காப்பாட்சியரை மனதில் வைத்துத்தான் எழுதுவார். அது படித்தவர்களின் இயல்பு. ஏழாம் வகுப்புப் பையனோடு வந்திருக்கும் அப்பாவின் சார்பாக அந்த அறையில் பேச ஒருவர் வேண்டாமா?

நடக்காத கதையைப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். நடந்திருக்கிறது, அதுவும் சென்னை எழும்பூரிலேயே. 1851-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் 1894-ல் தன் வெளியீட்டு வரிசையைத் தொடங்கிவிட்டது. முதல் இதழ் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் பற்றியது. அலெக்ஸாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருள்களுக்கு 1915-ல் பட்டியல் நூல் வந்தது. அதே ஆதிச்சநல்லூரில் 1876-ல் யாகோர் தோண்டியவை பெர்லினுக்குப் போய்விட்டன. ரீ எடுத்தவை எவை என்று இன்றைக்கும் நாம் வரிசையாகச் சொல்ல முடிகிறதென்றால் அந்தப் பட்டியலால்தான்.

1932-ல் கிரேவ்லியும் டி.என்.ராமச்சந்திரனும் சேர்ந்து தென்னிந்திய உலோகத் திருமேனிகளின் பட்டியலைக் கொண்டுவந்தார்கள். கிரேவ்லி யார் தெரியுமா? விலங்கியல்காரர். சிலந்தியும் வண்டும் ஆராய்ந்தவர்! பூச்சிகளை வகை பிரித்த அதே ஒழுங்கோடு திருமேனிகளைப் பிரிக்க முயன்றார். முடிவுகளில் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள், மறுத்தார்கள். மறுக்க முடிந்ததே, அதுதான் முக்கியம். பொருள் எது, எங்கிருந்து வந்தது, எப்படி இருக்கிறது என்று தெளிவாக எழுதி வைத்தால்தான் அடுத்தவன் வந்து மறுக்க முடியும். குழப்பி எழுதியதை மறுக்கக்கூட முடியாது.

1942-ல் சி.சிவராமமூர்த்தியின் அமராவதிச் சிற்ப நூல். சிற்பங்களில் இருக்கும் ஆடை, அணிகலன், இருக்கை, வண்டி, இசைக்கருவி எல்லாவற்றையும் கோட்டோவியமாகத் தன் கையாலேயே வரைந்து வைத்தார். அமராவதித் தூபியின் ஒரு பகுதி எழும்பூரில் இருக்கிறது, ஒரு பகுதி 1859-ல் கப்பலேறி இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. லண்டன் பகுதிக்கு ராபர்ட் நாக்ஸ் எழுதிய பட்டியல் 1992-ல் வந்தது. கல் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கிறது. இந்த இரண்டு புத்தகங்களையும் ஒரே மேசையில் வைத்தால் ஓரளவுக்காவது ஒட்டிப் பார்க்கலாம். ஒரு வெளியீட்டுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

ஆனால் ஒன்று. நான் மேலே சொன்ன அத்தனையும் இங்கிலீஷில் இருக்கின்றன. 1932 பட்டியலுக்கு இணையாக, அதே கண்டிப்போடு, தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதிப்பித்த ஒரு திருமேனிப் பட்டியலை நான் இதுவரை பார்த்ததில்லை. நம் கோவில், நம் சிற்பி, நம் உலோகம், நம் ஊர். பட்டியல் மட்டும் அடுத்தவர் மொழியில். தமிழ் எப்போது வருகிறது? எல்லாம் முடிந்தபிறகு, திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "இதைக் கொஞ்சம் தமிழ்ல போட்டுக் குடுங்க" என்று வருகிறது.

அப்படி வந்த தமிழ் எப்படி இருக்கும்? ஒரு காட்சிப்பெட்டியில் முதுமக்கள் தாழிக்கு "புதைகுழி ஜாடி" என்று எழுதியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். புறநானூற்றிலேயே குயவனிடம் தாழி செய்து தரச்சொல்லும் பாட்டு இருக்கிறது. இரண்டாயிரம் வருஷமாக நம்மிடம் இருக்கும் சொல், இங்கிலீஷுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது ஊறுகாய் ஜாடி ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர் அன்றைக்கு நாற்பது அட்டைகள் செய்திருப்பார். பார்த்துச் சொல்ல ஆள் இருந்ததா? அதுதான் கேள்வி.

இன்னொரு உதாரணம். "ஐம்பொன் சிலை" என்கிறோம். பழைய திருமேனிகளை வேதியியல் முறையில் சோதித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் செம்போடு ஈயமும் தகரமும் கலந்திருப்பதைத்தான் சொல்கிறார்கள். தங்கமும் வெள்ளியும் இருந்தால் மிகச் சிறிதளவே. அப்படியென்றால் அட்டையில் ஐம்பொன் என்று போடலாமா? பக்தர்கள் சொல்லும் சொல் அது, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. வெண்கலம் என்று போட்டால் சரியா? கல்வெட்டுகள் செப்புத் திருமேனி என்கின்றனவே, அதைப் போடலாமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு நூலுக்குள் ஒரு முடிவு இருக்கவேண்டும், ஏன் அந்த முடிவு என்று முன்னுரையில் நான்கு வரி இருக்கவேண்டும். என் கையேட்டில் மூன்று சொற்களும் இருக்கின்றன, எந்தப் பக்கத்தில் எது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

"சரிப்பா, ஒரு கால் மாறிப்போச்சு, ஒரு சொல் தப்பாப்போச்சு, உலகமா மூழ்கிடும்?" என்று கேட்பவர்களுக்குச் சிவபுரம் கதையைச் சொல்கிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். அந்தக் கோவில் நடராஜரை 1950-களில் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். ஊருக்குத் தெரியாது. பூஜை நடந்துகொண்டிருக்கிறது, கற்பூரம் காட்டுகிறார்கள், அசல் கைமாறிப் போய்விட்டது. வெளிச்சத்துக்கு வந்தது எப்படி? பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த டக்ளஸ் பாரெட் 1965-ல் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அசல் பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது, கோவிலில் இருப்பது அசல் இல்லை என்பது அந்த நூலால் தெரியவந்தது. அதற்குப் பிறகும் அது 1973-ல் 9 லட்சம் டாலருக்கு அமெரிக்காவின் நார்ட்டன் சைமனிடம் போனது. வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 1986-ல்தான் இந்தியா திரும்பியது. திருடனைக் காட்டிக்கொடுத்தது போலீஸ் நாய் இல்லை, ஒரு புத்தகம். அதுவும் எது எங்கே இருக்கிறது என்று ஒழுங்காக எழுதிய புத்தகம்.

இதற்கு நேர் எதிர்க்கதையும் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சிலை பல வருஷங்களுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதங்கள் கூடவே வந்தன, எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோவிலிலேயே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள்தான் உண்மையைச் சொல்லின. 2014-ல் சிலை திரும்பி வந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகப் பட்டியல்களில் "இதற்கு முன் யாரிடம் இருந்தது" என்று ஒரு வரி போடுவார்கள். பொய் ஒளிந்துகொள்வது அந்த ஒரு வரியில்தான். "இதற்கு ஆதாரம் எங்கே? பழைய படம் எங்கே?" என்று அச்சுக்குப் போகுமுன் கேட்பதும் பதிப்பாசிரியரின் வேலைதான். எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்லவில்லை. கேட்கிறவர் ஒருவர் கூடுதலாக இருந்தால் பொய் சொல்கிறவருக்கு ஒரு கதவு குறையும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாளைக்கு நம் அருங்காட்சியகத்துத் திருமேனி ஒன்று காணாமல் போனால் (போகவேண்டாம், சும்மா சொல்கிறேன்) நாம் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவோம்? இடமும் வலமும் மாறிய படத்தையா? இரண்டு நூற்றாண்டு போட்ட குறிப்பையா? எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கமாட்டாரா?

இந்த வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய நூலை அப்படியே மறுபதிப்பு போடுவது பதிப்பிப்பது ஆகாது. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து சாதிகளை வகை பிரித்தவர். 1909-ல் ரங்காச்சாரி துணையோடு தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் அரிய தகவல்கள் உண்டு, யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு மாணவன் அதை எடுத்து, தன் தாத்தா-பாட்டியின் சாதியைப் பற்றி ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதியதை, ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் இல்லாமல் வேதவாக்காகப் படிக்கலாமா? எந்தச் சூழலில் எழுதப்பட்டது, எந்த "அறிவியல்" பிறகு பொய்யாகிப்போனது என்று பத்துப் பக்க முன்னுரை வேண்டாமா? எந்தப் பழைய அருங்காட்சியக வெளியீட்டை மீண்டும் கொண்டுவந்தாலும் அந்த முன்னுரையைக் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும்.

வழக்கமான பதில்கள் எனக்குத் தெரியும்.

"காசு இல்லை." கட்டடத்துக்கு இருக்கிறது, வண்ண விளக்குக்கு இருக்கிறது, வழவழ தாளுக்கு இருக்கிறது. தப்பாக அச்சடித்த ஆயிரம் பிரதிக்குச் செலவான காசு யாருடையது? உங்களுடையது, என்னுடையது.

"காப்பாட்சியரே பார்த்துக்கொள்வார்." தன் எழுத்தில் தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. எழுதிப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். அதோடு மாவட்ட அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர்தான் கணக்கு, நிகழ்ச்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி எல்லாமே. அவர் தலையில் இதையும் வைப்பது அநியாயம்.

"இப்ப எல்லாம் கணினியே திருத்திடும்." திருத்தும், ஒற்றுப்பிழையைத் திருத்தும். சிலையின் அடியில் குனிந்து பதிவு எண்ணைப் பார்க்குமா? படத்தைத் திருப்பியதும் ஒரு கணினிதானே ஐயா!

"யார் படிக்கிறார்கள்?" இதுதான் எனக்கு எரிச்சல் தரும் பதில். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2012-ல் தன் பழைய வெளியீடுகளை நூற்றுக்கணக்கில் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. உலகமே படிக்கிறது. ஒரு நூலின் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள்: பதிப்பாசிரியர் யார், அச்சைக் கவனித்தவர் யார், நூற்பட்டியலைச் சரிபார்த்தவர் யார் என்று தனித்தனியாகப் பெயர் இருக்கும். அவர்கள் கண்டிப்பாகச் செய்தார்கள், அதனால் படிக்கிறார்கள். நாம் படிக்கமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டுச் செய்கிறோம், அதனால் படிப்பதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. நம் மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாவட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கைந்து பேர் கொண்ட ஒரு பதிப்புப் பிரிவு போதும், தொடக்கத்துக்கு. அவர்கள் பெயர் நூலில் இருக்கட்டும். பெயர் இருந்தால்தான் பொறுப்பு இருக்கும். தமிழ்ப் பிரதி முதலில் எழுதப்படட்டும், இங்கிலீஷுக்கு அங்கிருந்து போகட்டும். ஏற்கெனவே அச்சான நூலில் பிழை கண்டால் ஒரு பிழைதிருத்தத் துண்டுச்சீட்டு அடித்து உள்ளே வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பிழையைத் தெரிந்தே விற்பதுதான் வெட்கம்.

வரலாறு முடித்துவிட்டு என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். "அருங்காட்சியகத்தில் பதிப்பாசிரியர் ஆகணும்" என்றேன். அம்மா, "அப்படி ஒரு வேலை இருக்கா?" என்று கேட்டார். பரீட்சைக்கு விண்ணப்பம் எங்கே வாங்குவது, சம்பளம் எவ்வளவு என்று அடுத்தடுத்த கேள்விகள் வந்தன. ஒன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கையேட்டை மூன்று நாள் உட்கார்ந்து பென்சிலால் திருத்தினேன். சின்னதும் பெரியதுமாக நாற்பத்தேழு இடங்கள். படியெடுத்து, ஒரு கடிதம் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. மறுபதிப்பு வந்தால் முதல் ஆளாகப் போய் வாங்கி நடுப்பக்கத்தைத்தான் திறப்பேன்.